இளைப்பாறிய பிறகு பூர்வகுடி ஊர்களில் தன்னார்வ வேலை: ஒரு கணக்காளரின் குறிப்புகள்

வேலையை விட்ட மறுமாதம் வீட்டு மளிகைச் செலவுக்கு எக்செல் அட்டவணை போட வெளிக்கிட்டேன். "உங்கட கணக்கு தேவைப்படுற ஆக்கள் எங்கேயாவது இருப்பினம், அவையிட்டக் கொண்டுபோங்கோ" என்றார் மனைவி. கோபத்தில் சொன்னதுதான், ஆனால் நல்ல யோசனை.

இப்போது வருடத்தில் சில வாரங்கள் வடமேற்கு ஒன்ராறியோவில், வருடத்தின் பெரும்பகுதி விமானத்தில் மட்டுமே போகக்கூடிய ஒரு முதற்குடி (First Nation) ஊரின் நிதி அலுவலகத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறேன். மிச்ச நாட்களில் ரொறன்ரோவில் பூர்வகுடி மக்களுக்கு வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஸ்காபரோவில் என் வயதுக்காரர்கள் பலர், கணக்காளர்கள், பொறியியலாளர்கள், மனிதவளப் பிரிவில் இருந்தவர்கள், "நாங்களும் போகலாமா, எப்படிப் போறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுவது இது. எனக்குத் தெரிந்தது கணக்கு, அதனால் உதாரணங்களும் கணக்கிலிருந்துதான் வரும்.

அழைப்பு இல்லாமல் போகாதீர்கள்

கனடாவில் 600க்கும் மேற்பட்ட முதற்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. இனுவிட், மெற்றி என்ற மற்ற இரண்டு பூர்வகுடி மக்களும் தனி. இவர்களில் யாருக்கு எந்த உதவி வேண்டும் என்பதை நாங்கள் வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாது. ஓர் ஊருக்கு உதவி தேவைப்பட்டால் அதன் தலைவரும் சபையும் கேட்பார்கள். கேட்டால்தான் போக வேண்டும்.

அந்தக் கேள்வி உங்கள் காதுக்கு வந்து சேர ஒரு இடைவழி தேவை. எனக்குத் தெரிந்த பழைய வழி, முன்பு சீஸோ என்று அறியப்பட்டு இப்போது கேட்டலிஸ்ட் பிளஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பு. 1967 இல் தொடங்கியது. அனுபவமுள்ளவர்களைத் தன்னார்வ ஆலோசகர்களாக வெளிநாடுகளுக்கும் கனடாவுக்குள் பூர்வகுடிச் சமூகங்களுக்கும் அனுப்பிப் பழகியவர்கள். நீங்கள் உங்கள் விபரத்தைக் கொடுத்துப் பதிந்து வைக்க வேண்டும், பொருத்தமான கோரிக்கை வந்தால் கூப்பிடுவார்கள். சில நேரம் உடனே வரும், சில நேரம் வரவே வராது. காத்திருக்கத் தெரியாதவர்கள் இந்த வேலைக்குச் சரிவர மாட்டார்கள் என்பதற்கு இது முதல் பரீட்சை.

விமானம் ஏறாமலும் தொடங்கலாம், நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். கனடாவின் பூர்வகுடி மக்களில் பெரும்பகுதி நகரங்களில் வாழ்கிறார்கள். நகரங்களில் அவர்களுக்கான நட்பு மையங்கள் (friendship centres) என்று நாடு முழுக்க நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ரொறன்ரோவில் ஸ்பதைனா வீதியில் இருக்கும் நேட்டிவ் கனேடியன் சென்டர் 1962 இலிருந்து இயங்குகிறது. இப்படியான இடங்களுக்குப் பொருளாளர் வேண்டும், மானிய விண்ணப்பத்தின் வரவுசெலவுத் திட்டத்தைச் சரிபார்க்க ஆள் வேண்டும், மாசி பங்குனியில் வரிப் படிவம் நிரப்ப ஆள் வேண்டும். முதலில் அங்கே கதிரை அடுக்குங்கள், நிகழ்ச்சிகளுக்குப் போங்கள். ஆட்கள் உங்களைப் பார்த்துப் பழகட்டும்.

வரிப் படிவம் என்ற சின்ன வேலை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் பெறுமதி வெளியில் தெரிவதில்லை.

கனடா வருவாய் முகமையின் சமூகத் தன்னார்வ வருமான வரித் திட்டத்தில் நீங்கள் தன்னார்வலராகப் பதியலாம். குறைந்த வருமானமும் சிக்கலில்லாத வரி நிலைமையும் உள்ளவர்களுக்கு இலவசமாகப் படிவம் நிரப்பிக் கொடுப்பது வேலை. இதற்குக் கணக்காளராக இருக்க வேண்டும் என்றில்லை, பொறுமை இருந்தால் போதும்.

இந்தியச் சட்டம் (Indian Act) என்பது முதற்குடிகள் பற்றிய கனடாச் சட்டம், இந்தியா நாட்டோடு சம்பந்தமில்லை. அதன் 87ஆம் பிரிவின்படி, பதிவுபெற்ற முதற்குடி ஒருவர் ஒதுக்கு நிலத்தில், அதாவது முதற்குடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்தில், உழைக்கும் வருமானத்துக்குப் பொதுவாக வரி இல்லை. வரி இல்லையென்றால் படிவம் எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் படிவம் போகாவிட்டால் கனடா பிள்ளைநலக் கொடுப்பனவு வராது. ஆறு வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளைக்கு அது வருடத்துக்கு 7,000 டொலருக்கு மேல் வரை போகும். மூன்று பிள்ளைகளோடு ஒரு தாய் சில வருடப் படிவங்களை அனுப்பாமல் விட்டிருந்தால் எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். பிள்ளைநலக் கொடுப்பனவை 10 வருடம் வரை பின்னோக்கியும் கேட்கலாம். விலக்குப் பெற்ற வருமானத்தைக் காட்டும் ரி90 என்று ஒரு படிவமும் உண்டு, அதைப் படித்துக்கொண்டு போங்கள். எந்த வருமானம் விலக்குக்குள் வரும், எது வராது என்பது வேலை எங்கே நடந்தது, முதலாளி எங்கே இருக்கிறார் என்று பலதையும் பொறுத்தது. தெரியாவிட்டால் ஊகிக்காமல் கேளுங்கள்.

இன்னொன்று. "வரியே கட்டாத ஆக்கள்" என்று நம் ஆட்கள் கலியாண வீடுகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நகரத்தில் வேலை செய்யும் பூர்வகுடி மக்கள் பெரும்பாலும் எங்களைப் போலத்தான் வரி கட்டுகிறார்கள். இந்தக் கதையைக் காவிக்கொண்டு போகிறவர் போகாமல் இருப்பதே நல்லது.

படித்துக்கொண்டு போங்கள், ஆனால் படித்ததைச் சொல்லிக் காட்டாதீர்கள்

ஒரு கணக்காளனுக்கு உறைக்கிற மாதிரிச் சொல்கிறேன். வட ஒன்ராறியோவின் பெரும்பகுதி, அரசாங்கம் நிலத்துக்காக முதற்குடிகளோடு செய்த 9ஆம் உடன்படிக்கைக்குள் வருகிறது. 1905 இலும் 1906 இலும் கையெழுத்தானது, 1929-30 இல் இன்னும் வடக்கே நீட்டப்பட்டது. அதன்படி அரசாங்கம் கொடுப்பது ஆளுக்கு வருடத்துக்கு 4 டொலர். இன்றும் அதே 4 டொலர்தான். விலைவாசிக்கு ஏற்ற மாற்றம் எதுவும் இல்லை. ஹியூரன் ஏரியின் வடபகுதிக்கான 1850ஆம் ஆண்டு ரொபின்சன் உடன்படிக்கையில், நிலத்தின் வருமானம் கூடினால் கொடுப்பனவும் கூடும் என்று இருந்தது. 1875 இல் 4 டொலருக்கு உயர்ந்து அப்படியே நின்றது. அந்த முதற்குடிகள் வழக்குப் போட்டு, 2023 இல் 10 பில்லியன் டொலர் இணக்கத்துக்கு வந்தார்கள். ரொறன்ரோ நிலத்துக்கும் இப்படி ஒரு கணக்கு இருந்தது: மிசிசாகா மக்களோடு 2010 இல் 145 மில்லியன் டொலருக்குத் தீர்க்கப்பட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டால், நீங்கள் கொண்டுபோகிற உதவியை யாரும் தருமமாகப் பார்க்கவில்லையே என்று மனம் வருந்த மாட்டீர்கள்.

பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைகள் பற்றி இப்போது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். அவற்றை விசாரித்த உண்மை மற்றும் மீளிணக்க ஆணைக்குழு 2015 இல் 94 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது வேறு. கடைசிப் பாடசாலைகள் மூடப்பட்டது 1990களில். அப்படியானால் மேசைக்கு எதிரே இருக்கும் உங்கள் வயதுக்காரர் அங்கே போயிருக்கலாம். அவர் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கேட்காதீர்கள். அத்தோடு, பல தலைமுறையாக அந்த ஊர்களுக்குப் பேனாவும் புத்தகமும் கொண்டு வந்தவர்கள் அரசாங்க முகவர்கள். கணக்குப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நீங்கள் சொல்லும்போது அவர்களுக்கு யார் ஞாபகத்துக்கு வருவார்கள் என்று யோசியுங்கள்.

எங்கள் கதையையும் முதல் நாளே எடுத்து வைக்காதீர்கள். நிலம் பறிபோனது, மொழிக்காகப் பட்டது, இடம்பெயர்ந்தது எல்லாம் எங்களுக்கும் உண்டுதான். ஆனால் நாங்கள் இங்கே வந்து வீடு வாங்கியதும் அவர்களுடைய நிலத்தில்தான். எங்கே பிறந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்டால் நேராகச் சொல்லுங்கள், கட்டாயம் கேட்பார்கள். "உங்கட கஷ்டம் எனக்கு விளங்கும்" என்று மட்டும் தொடங்காதீர்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

போவதற்கு முன் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். யார் கேட்டது, என்ன வேலை, யாரோடு உட்கார்ந்து செய்யப் போகிறேன், எப்போது முடியும். சபையின் தீர்மானம் இருந்தால் இன்னும் நல்லது. இந்தியச் சட்டத்தின்படி தேர்தல் நடத்தும் ஊர்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சபை மாறும். உங்களைக் கூப்பிட்ட தலைவர் நீங்கள் போய் இறங்கும்போது தலைவராக இல்லாமல் இருக்கலாம்.

"யாரோடு உட்காரப் போகிறேன்" என்பதற்குப் பெயர் இல்லையென்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆள் இல்லாத கதிரையை நிரப்பப் போவது தன்னார்வ வேலை அல்ல. அது சம்பளம் கொடுத்து ஆள் எடுக்க வேண்டிய இடம், அந்தச் சம்பளம் அந்த ஊர்ப் பிள்ளை ஒன்றுக்குப் போக வேண்டும்.

தரவு பற்றி ஓகேப் (OCAP) என்று ஒரு கொள்கை 1998 இலிருந்து இருக்கிறது: முதற்குடிகளின் தரவுக்கு உரிமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் நான்கும் அவர்களுக்கே. நடைமுறையில் என்ன அர்த்தம்? சம்பளப் பட்டியலை உங்கள் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். அவர்களுடைய கணினியில், அவர்களுடைய அலுவலகத்தில் வேலை செய்யுங்கள். நீங்கள் தயாரித்த அட்டவணையும் அவர்களுடையது, அடுத்த ஊருக்கு அதைக் காட்டப் போனால் அனுமதி கேட்க வேண்டும்.

உரிம விஷயம் பலர் கவனிப்பதில்லை. இளைப்பாறியவர் என்று சலுகைக் கட்டணம் கட்டும் பொறியியலாளர் ஒன்ராறியோவில் தொழில் செய்ய முடியாது, முத்திரை வைக்க முடியாது, சம்பளம் வாங்காவிட்டாலும் அதே விதிதான். தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலைய இயக்குநரோடு கூட இருந்து சொல்லிக் கொடுப்பது வேறு, வரைபடம் கீறிக் கொடுப்பது வேறு. கணக்காளர்களும் அப்படியே, கணக்காய்வு அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்குத் தனி உரிமம் வேண்டும். உங்களுக்கு உரிமம் கொடுக்கும் தொழில்முறை அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது, என்ன கொண்டு போவது

பொதுவாக ஊர்களின் நிதியாண்டு மார்ச் 31 இல் முடியும், அதற்குப் பிறகு 120 நாட்களுக்குள் கணக்காய்வு செய்த அறிக்கை போக வேண்டும். அந்த நேரத்தில் புதிதாக எதையும் கற்பிக்கப் போகாதீர்கள். வசந்தத்தில் வாத்து வேட்டை, இலையுதிர் காலத்தில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டை. அப்போது அலுவலகத்தில் ஆள் இருக்காது, இருக்கவும் தேவையில்லை. ஏரிகள் உறையும்போது மட்டும் போடப்படும் பனிச்சாலை திறந்திருக்கும் குளிர்கால வாரங்களில் எரிபொருளும் கட்டடச் சாமானும் வந்து இறங்கும், விலைப்பட்டியல்கள் மலைபோல் குவியும். சரியான நேரம் எது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வடமேற்கு ஒன்ராறியோ நகரங்களான தண்டர் பேயிலிருந்தோ சூ லுக்அவுட்டிலிருந்தோ சின்ன விமானம். பொதிக்கு நிறைக் கட்டுப்பாடு உண்டு. காலநிலை சரியில்லையென்றால் விமானம் வராது, ஆகவே மருந்தை இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள். பெரும்பாலான ஊர்களில் தாதியர் நிலையம்தான் இருக்கும், வைத்தியசாலை இல்லை. இருதயத்தில் பிரச்சினை இருப்பவர்கள் முதலில் தங்கள் வைத்தியரோடு பேசட்டும். சாப்பாட்டுச் சாமான் அங்கே மிக விலை, கொஞ்சம் அரிசியும் தூளும் கொண்டுபோனால் நீங்களும் சாப்பிடலாம், கூப்பிட்டுக் கொடுக்கவும் செய்யலாம். பல ஊர்கள் மதுவைத் தடைசெய்திருக்கின்றன, பையைச் சோதிப்பார்கள். ஒரு போத்தல்கூட வேண்டாம்.

மூத்தவர் ஒருவரிடம் அறிவுரை கேட்கப் போகும்போது புகையிலை கொடுப்பது அனிஷினாபே, கிரீ என்ற முதற்குடி மக்களிடையே வழக்கம். ஆனால் சில குடும்பங்கள் தேவாலயத்தோடு இறுக்கமாக இருப்பவை, அதை விரும்ப மாட்டார்கள். அந்த ஊர் ஆள் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கீபோர்டில் கை வைக்காதீர்கள்

இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. அந்த ஊரில் கணக்குப் பார்ப்பவர் கணினிக்கு முன்னால், நீங்கள் பக்கத்துக் கதிரையில். அவர் ஒரு பதிவைத் தேடி நான்கு திரை தாண்டிப் போகும்போது உங்கள் விரல் துடிக்கும். கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். நீங்கள் அரை மணியில் முடிப்பதை அவர் ஒரு நாள் எடுத்துச் செய்யட்டும். அடுத்த மாதம் நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை.

நான் போகும் அலுவலகத்தில் நிதியைப் பார்ப்பவர் என் மகளின் வயதுள்ள பெண். முதல் நாட்களில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஒரு பெட்டியைக் கொண்டு வந்து வைத்தார், முழுக்க மின்கட்டண விலைப்பட்டியல்கள். பாடசாலை, தாதியர் விடுதி, சபை அலுவலகம், தண்ணீர் நிலையம் எல்லாவற்றுக்கும் வெவ்வேறு நிதி ஒப்பந்தம், ஆகவே கட்டணத்தைப் பிரித்துப் போட வேண்டும். முன்பு காசு வாங்கிக்கொண்டு வந்த ஓர் ஆலோசகர் அத்தனையையும் நிர்வாகச் செலவு என்று ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போயிருந்தார். எந்த மானி எந்தக் கட்டடத்துடையது என்பது அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான். நான் செய்தது அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதியது. பேரேட்டில் அதைத் திருத்தியது அவர்.

அறிக்கைச் சுமை பற்றித் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் "ஏன் இவர்கள் பிந்துகிறார்கள்" என்று நினைப்பீர்கள். 2002 இல் கனடாவின் தலைமைக் கணக்காய்வாளர் பார்த்தபோது, ஒரு முதற்குடிச் சமூகம் நான்கு கூட்டாட்சி அமைப்புகளுக்கு மட்டும் வருடத்துக்குக் குறைந்தது 168 அறிக்கைகள் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சமூகங்கள் பலவற்றில் 500 பேர்கூட இல்லை. அதன் பிறகு நடைமுறைகள் மாறியிருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி அறிக்கை என்ற பழக்கம் போய்விடவில்லை. எந்த அறிக்கை எந்தத் தேதிக்கு, அதற்கு எந்தப் பேரேட்டுக் கணக்கு என்று சுவரில் ஒட்டும் ஒரு பெரிய தாள் போட்டால் அதுவே பெரிய உதவி. கணினியில் போடாதீர்கள், இணையம் விழுந்தால் அதுவும் போய்விடும். அவருடைய கையெழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

பிறகு மாதாந்த வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, அதாவது வங்கிக் கணக்கையும் பேரேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. இதை மட்டும் ஒருவர் தனியாகச் செய்யப் பழகிவிட்டால் கணக்காய்வாளரின் கட்டணமே குறையும். புதிய மென்பொருள் வாங்கச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். இருப்பதையே ஒழுங்காகப் பாவிக்க வழி இருக்கும். இன்னும் மேலே போக விரும்பும் ஊர்களுக்கு 2005 இன் முதற்குடிகள் நிதி முகாமைத்துவச் சட்டம் ஒரு வழி. அதன் கீழ் நிதி முகாமைத்துவச் சபையின் சான்று பெற்றால், முதற்குடிகளின் சொந்த நிதி அமைப்பு மூலம் கடன் எடுக்கலாம். ஒதுக்கு நிலச் சொத்தை வெளியார் பறிமுதல் செய்ய முடியாது என்று இந்தியச் சட்டத்தின் 89ஆம் பிரிவு சொல்வதால் சாதாரண வங்கிக் கடன் கடினம், ஆகவே இந்த வழிக்கு மதிப்பு அதிகம். ஆனால் அதில் சேர்வதா இல்லையா என்பது ஊர்ச் சபையின் அரசியல் முடிவு. உங்களிடம் கேட்டால் விளக்குங்கள், பிரசாரம் செய்யாதீர்கள்.

சபைக் கூட்டத்தில் அறிக்கையை அவர்தான் வாசிக்க வேண்டும். கேள்வி உங்களைப் பார்த்து வந்தாலும் அவர் பக்கம் திரும்புங்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நீண்ட மௌனம் வரும், அதை நிரப்ப வேண்டாம். யோசிக்கிறார்கள். பகிடியும் நிறைய வரும், பாதி உங்களைப் பற்றித்தான்.

ஊரில் ஒரு சாவு என்றால் அலுவலகம் மூடும், சில நாள் எல்லாமே நிற்கும். உங்கள் கால அட்டவணை போனதென்று முகத்தைச் சுளிக்காதீர்கள். சமையலறையில் கை கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். எங்கள் ஊரில் செத்த வீட்டுக்கு எப்படிப் போவோமோ அப்படித்தான்.

வந்த பிறகு

மாதத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று தொலைபேசிக்கு ஒதுக்குங்கள். அவர் கூப்பிட்டால் பேசுங்கள், கூப்பிடாவிட்டால் விட்டுவிடுங்கள். கூப்பிடாத மாதம் கணக்கு ஒழுங்காக முடிந்த மாதமாக இருக்கலாம். திரும்பிப் போவதென்றால் அதே ஊருக்குப் போங்கள். ஊர் ஊராகப் போனால் ஒவ்வொரு இடத்திலும் அந்தத் தேத்தண்ணி நாட்களை முதலிலிருந்து தொடங்க வேண்டும். படங்களை முகநூலில் போடுவதானால் படத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், பிள்ளைகளின் படம் வேண்டவே வேண்டாம். செலவுப் பற்றுச்சீட்டுகளைத் திகதிவாரியாக வைத்து அனுப்பிய அமைப்பிடம் கொடுங்கள். கணக்காளர் கொடுக்கும் கணக்கே பிழைத்தால் அந்தப் பகிடி அடுத்த பயணம் வரை ஓடும்.

இப்போதே செய்யக்கூடியது பொலிஸ் சோதனைக்கு விண்ணப்பிப்பது. பிள்ளைகளும் முதியவர்களும் இருக்கும் இடமென்றால் அதற்கான விரிவான சோதனையைக் கேட்பார்கள். உங்கள் பிறந்த தேதியும் பாலினமும் குற்றப் பதிவில் உள்ள யாரோ ஒருவருடையதோடு பொருந்திவிட்டால் கைரேகை கொடுக்கச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம், ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். வரித் திட்டத்துக்குப் பதிவதென்றால் ஐப்பசி கார்த்திகையிலேயே தொடங்கிவிடுங்கள். தை பிறந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பார்கள்.